சந்திரமதி வீட்டு லைன்

மதியம் மருதமுத்து மறுபடியும் அந்த எண்ணைச் சுழற்றினான். தொலைபேசி நிலையத்தில் லைன் சோதிப்பது அவன் வேலை. இப்போது சுழற்றியது மலாக்காவின் காஜா பெராங்கில், அவனுக்குப் பேசி வைத்திருக்கும் சந்திரமதியின் வீட்டுக்கு. "மழையா அங்க?" என்றால் பதில் உடனே வந்தது. "நேத்து கோயில்ல யாரெல்லாம் வந்தாங்க?" என்றால் வெறும் இரைச்சல், பிறகு ஆற அமர ஒரு பதில். ஒரே கம்பியில் ஒரு சொல் ஓடியும் இன்னொன்று நொண்டியும் வருமா? கருவியை வைத்துப் பார்த்தான். கம்பி சுத்தமாக இருந்தது.

"லைன்ல ஒன்னும் இல்லப்பா," என்றான் பக்கத்து மேசைப் பொன்னுதுரை. "பொண்ணுதான் யோசிக்குது."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் முள்ளாகத் தைத்தது. இந்த வாரம் நாள் குறிக்கப் போகிறார்கள். பெண் வீட்டார் மலாக்கா செட்டிகள், பல தலைமுறையாக அங்கேயே வேரூன்றிய தமிழர். வீட்டில் பேசுவது மலாய். தமிழ் பேசும் மருமகள்தான் வேண்டும் என்று அவன் அம்மா பெண் வீட்டுக் கூடத்திலேயே சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு மனமில்லையோ? அவள் வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்துப் பெட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏணியை எடுத்தான்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணம் இன்னும் கம்பத்தில் கிடந்தது. பெட்டி உலர்ந்திருந்தது. சும்மா கிடந்த ஒரு லைனில் கைக்கருவியை மாட்டி, ஏணியில் நின்றபடியே அவள் வீட்டுக்குச் சுழற்றினான்.

"சமைச்சாச்சா? இன்னிக்கு என்ன குழம்பு?"

கீழே அவள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. சந்திரமதி பேசும் குழாயை உள்ளங்கையால் பொத்தி, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பூங்காவனத்திடம் மலாயில் ஏதோ கேட்டாள்.

"'மீன் குழம்பு வச்சிருக்கோங்க'ன்னு சொல்லு."

அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "மீன் குழம்பு வச்சிருக்கோங்க." ஜன்னல் வழியாக வந்த அதே சொற்கள், அவள் கையை எடுத்ததும், கைக்கருவி வழியாகவும் அவன் காதுக்குள் வந்தன.

"மாப்பிள்ளைக்குத்தான் மலாய் தெரியுமேலா, மலாயிலயே பேசேன்," என்றாள் பூங்காவனம்.

குழாயை மறுபடியும் பொத்திக்கொண்டு, அவரோடு பேசிவிடலாம், அவர் அம்மாவோடு யார் பேசுவது என்று மலாயில் கேட்டாள் சந்திரமதி.

மருதமுத்து கைக்கருவியை வாயருகே இழுத்துக்கொண்டான்.

"இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதந்தானே?"

"சம்மதம்."

அவள் பூங்காவனத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அவரைக்காய் நறுக்கும் கத்திதான் ஒரு கணம் நின்றது. சொல்லி முடித்த பிறகுதான் குழாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

அவள் சிரிப்பு ஜன்னல் வழியாக மட்டும் வந்தது. அவன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. தோரணத்தின் வெளுத்த துணி காற்றில் எழும்பி, அவன் தோளைத் தொட்டுத் தொட்டு விலகியது.