போறும் என்றால்

சுந்தரராமன் வீட்டுச் சமையலறையில் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. உப்பு தீர்ந்துபோனால் ‘உப்பு நிறைய இருக்கு’ என்பார்கள். அதைக் கேட்டதும் யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு தெற்கு மாட வீதிக்குக் கிளம்புவார்கள். அதேபோல, இலையில் உட்கார்ந்தவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூடாது. ‘போறும்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை போறும் என்றால் அது மரியாதைக்குச் சொன்னது. இரண்டாம் முறை சொன்னால் கூச்சம். மூன்றாம் முறை சொல்வதற்குள் கரண்டி கவிழ்ந்திருக்கும். சந்திரிகா அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். நாற்பத்தாறு வயதுவரை இந்த ஏற்பாட்டில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வயிற்றை அறுத்துக்கொண்ட பிறகுதான், சாப்பாட்டை மறுப்பதற்குத் தன் பிறந்த வீட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது என்பது உறைத்தது.

சென்ற ஐப்பசியில் அந்த அறுவை சிகிச்சை நடந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை எலுமிச்சம்பழ அளவுக்குத் தைத்து, குடலைக் கொண்டுவந்து அதில் சேர்த்தார்கள். சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது எல்லாவற்றுக்கும் சேர்த்து டாக்டர் சொன்ன வழி அது. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் அவளும் கணவன் ராமசேஷனும் மட்டும்தான். முதலில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், பிறகு குழைந்த கஞ்சி, அப்புறம் மசித்த இட்லி. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். தித்திப்பு உள்ளே போனால் நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வேர்த்து, இருக்கிற இடத்திலேயே படுத்துவிட வேண்டியதுதான். பசி அவளை விட்டுப் போயிருந்தது, ஆனால் அது கைக்குத் தெரியவில்லை. சாதத்தில் கை வைத்தால் அது பழைய அளவுக்கே பிசைந்தது. நாலைந்து வாய்க்குப் பிறகு மிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ராமசேஷன் ஒன்றும் கேட்க மாட்டான். தட்டை எடுத்துக்கொண்டு போய் அலம்பிவைப்பான். இருபது வருஷமாகப் பேசாத மனிதன் என்று அவனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பேசாமையின் அருமை இப்போதுதான் தெரிந்தது.

வெளியே பேசாதவர்கள் யாருமில்லை. அடையாறில் அவள் வேதியியல் நடத்தும் பள்ளியில், முன்பு அவள் டப்பாவைத் திறந்தால் இவ்வளவா என்று எட்டிப் பார்த்த அதே கண்கள் இப்போது இவ்வளவுதானா என்று எட்டிப் பார்த்தன. குண்டாக இருந்தவரை நடக்கச் சொன்னவர்கள், இப்போது முகத்தில் களையே போய்விட்டது என்று உச்சுக்கொட்டினார்கள். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்ததற்கும் ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். அவள் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனால் ஊரார்மேல் வந்த கோபம் கோபமே அல்ல. அண்ணன் சுந்தரராமன் யாரிடமோ தொலைபேசியில், “வாயைக் கட்டத் தெரியாம வயித்தைக் கட்டிண்டா” என்று சொல்லிச் சிரித்ததை அவள் தன் காதாலேயே கேட்டிருந்தாள். அவன் மனைவி ஜெயலக்ஷ்மி மன்னி சிரிக்கவில்லை, அதைவிடப் பெரிய காரியம் செய்தாள். எல்லோரிடமும் அது ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவைத்தாள். காரணம், மகள் வர்ஷினிக்குப் பாலவாக்கத்தில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. வர்ஷினிக்கு அத்தையின் முகவெட்டு, அத்தையின் உடல்வாகு. அத்தைக்கு வயிற்றை அறுக்கிற அளவுக்கு உடம்பு என்று தெரிந்தால், பெண்ணுக்கும் நாளைக்கு அப்படித்தான் என்று நினைத்துவிட மாட்டார்களா? கல்யாணம்வரை வர்ஷினிக்கு ராத்திரியில் வெள்ளரிக்காயும் மோரும்தான் என்று வேறு மன்னி சட்டம் போட்டிருந்தாள்.

ஹெர்னியாவின் பலனை நிச்சயதார்த்தத்தில் சந்திரிகா அனுபவித்தாள். ஆபரேஷன் ஆன உடம்பு, தெம்பு வர வேண்டும் என்று ஆளாளுக்கு அவள் இலையில் கொட்டினார்கள். மரியாதைக்கு ஒரு ஜாங்கிரியை விண்டு வாயில் போட்டுக்கொண்டவள், மண்டபத்துக் கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மணப்பெண் அறையில் தரையிலேயே படுத்துவிட்டாள். சம்பந்தம் பேசி முடித்த விசாலம் மாமி எட்டிப் பார்த்து, “என்னடி, இந்த வயசுல மசக்கையா?” என்றாள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டிய மன்னியும் சேர்ந்து சிரித்தாள்.

அதனால் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் பொண்டுகளுக்குப் போடுகிறோம் என்று மன்னி அழைத்தபோது சந்திரிகா முடியாது என்றாள். பொண்டுகள் என்பது குடும்பத்தில் சுமங்கலிகளாக இறந்துபோன பெண்களுக்குச் செய்கிற பூஜை. உயிரோடிருக்கும் சுமங்கலிகளை உட்காரவைத்து, இறந்தவர்களே வந்திருப்பதாக நினைத்து, வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். சந்திரிகாவின் அம்மா சுமங்கலியாகப் போனவள். இந்த வீட்டுப் பெண் உட்காராமல் அம்மா எப்படி வருவாள் என்று மன்னி கேட்டாள். பேருக்கு ஒரு பிடி போடுகிறேன், பேருக்கு ஒரு வாய் சாப்பிடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள். விசாலம் மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாயா என்று சந்திரிகா கேட்டதற்கு, அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. அம்மா பெயரைச் சொன்ன பிறகு அவளால் மறுக்க முடியவில்லை.

மடிசார் கட்டும்போதே ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒன்பது கஜம் அவளுக்குப் பற்றாது. இவளுக்குப் பன்னிரண்டு கஜம் நெய்யச் சொல்ல வேண்டும் என்று வருஷாவருஷம் கேலி நடக்கும். இப்போது அதே புடவை இடுப்பைச் சுற்றிச்சுற்றி வந்தும் மிஞ்சியது. மிஞ்சியதை மன்னி அவள் இடுப்பில் மூட்டையாகச் செருகினாள். யாரும் கேலி செய்யவில்லை. பாவம் என்பதுபோலப் பார்த்தார்கள். கேலியே தேவலை என்று சந்திரிகாவுக்குத் தோன்றியது.

மணைகள் போட்டு, இலைகள் விரித்து, பெண்கள் கிழக்கு பார்த்து உட்கார்ந்தபோது உச்சி வெயில் ஏறிவிட்டது. ஆண்கள் வாசல் அறையில் இருந்தார்கள். சந்திரிகாவுக்குப் பக்கத்து இலை விசாலம் மாமிக்கு. மன்னியும் வர்ஷினியும் பரிமாறினார்கள். பேருக்கு ஒரு பிடி என்று சொன்ன மன்னி, அவள் இலையில் சாதத்தை மற்ற எல்லோருக்கும் போட்ட அளவுக்கே போட்டாள். இரண்டு வடை. இரண்டு அதிரசம். சந்திரிகா நிமிர்ந்து பார்த்தாள். மன்னி அடுத்த இலைக்கு நகர்ந்திருந்தாள்.

பருப்பும் சாதமுமாக ஒரு சிறு உருண்டை. மென்றாள். இன்னொன்று. இன்னொன்று. நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ உள்ளங்கையை வைத்து நில் என்பதுபோல ஓர் அழுத்தம். அவளுக்கு இப்போது பழக்கமான அழுத்தம்தான் அது. அதற்கு மேல் ஒரு பருக்கை போனாலும் திரும்பி வரும். கையை இலை ஓரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விசாலம் மாமி தன் வடையைக் கடித்தபடி, ஹெர்னியாவெல்லாம் ஒரு வியாதியா, தன் மைத்துனன் ஆபரேஷன் ஆன மறுவாரமே கபாலி கோயில் தேரை இழுத்தான் என்று ஆரம்பித்தாள். குழம்பு வந்தது. போறும் என்றாள் சந்திரிகா. விழுந்தது. ரசம் வந்தது. போறும் மன்னி. அதுவும் விழுந்தது. இலையில் எல்லாம் சேர்ந்து குளம் கட்டியது. எதிர் வரிசைப் பெண்கள் சாப்பிட்டு முடித்து, கை காயக் காத்திருந்தார்கள். பந்தியில் ஒருத்தி பாக்கியிருந்தாலும் மற்றவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

“எங்களுக்கெல்லாம் காலு மரத்துப் போறதுடி சந்திரி,” என்றாள் விசாலம் மாமி. “ரெண்டு வாய் அள்ளிப் போட்டுண்டு எழுந்திரேன். குழந்தையாட்டம் அளைஞ்சுண்டு உட்கார்ந்திருக்கே.”

மன்னி பாயசத்தோடு வந்து நின்றாள். பாத்திரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

“போறும் மன்னி. நிஜமாவே போறும்.”

“உனக்கா போடறேன்? அம்மாவுக்குன்னா போடறேன்,” என்றாள் மன்னி. குரலில் அன்பு இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. “கையை எடு.”

சந்திரிகா கையை எடுக்கவில்லை. இலையின்மேல் விரித்துவைத்தாள். கரண்டி மூன்று போறும்களுக்குப் பழகிய கரண்டி, அது நிற்கவில்லை. கொதிக்கும் பாயசம் அவள் புறங்கையில் விழுந்து விரலிடுக்குகளில் வழிந்தது. வர்ஷினி ஐயோ அம்மா என்றாள். சந்திரிகா கையை உதறவில்லை, துடைக்கவும் இல்லை. எரிச்சல் முழங்கைவரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் உள்ளே எங்கே என்று தெரியாமல் இருந்த ஒன்று, இப்போது கையில் வந்து சிவந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் இதே உடம்புதான். சர்க்கரை அதிகமாகி, ஒரு வாரம் ராத்திரியில் மோர் மட்டும் குடித்துப் பார்த்தாள். அம்மா டயட்டில் இருக்கிறாள் என்று வீடே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், எட்டாம் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் போகிறவரைக்கும் அவள் எதையும் மறுக்கவே இல்லை.

“சரி, விடும்மா,” என்றாள் மன்னி, பின்வாங்கிய குரலில். நேரமாகிவிட்டது என்று முடிக்கிற காரியத்துக்கு வந்தாள். அந்த வீட்டு வழக்கப்படி, எழுந்திருக்கும் முன் ஒவ்வொருத்தியையும் திருப்தியா என்று கேட்க வேண்டும். ஒவ்வொருத்தியும் ஆச்சு என்று சொல்ல வேண்டும். இறந்துபோன பெண்கள் நிறைந்து போகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். மன்னி கையில் தீர்த்தத்தோடு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஆச்சு, ஆச்சு என்று பதில் வந்தது. விசாலம் மாமி நன்னா ஆச்சு என்றாள்.

“திருப்தியா?”

“இல்லை,” என்றாள் சந்திரிகா.

வாசல் அறையிலிருந்து சுந்தரராமன் எழுந்துவந்து நிலைப்படியில் நின்றான். மன்னி தனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே சொல் வந்தது. யாரோ ஒருத்தி ராம ராம என்றாள்.

“சந்திரி, இன்னிக்குப் போய் என்ன விளையாட்டு?” என்றான் சுந்தரராமன். “ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்.”

அவள் அவனைப் பார்க்கவில்லை. தலை குனிந்து, பாயசம் உலர்ந்து இழுக்கிற புறங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் அசையவில்லை. அசையவும் முடியாது, அவள் ஆச்சு என்று சொல்லாமல் வழக்கப்படி யாரும் எழுந்திருக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்குப் பசிக்கப்போவதில்லை.

கடைசியில் மன்னிதான் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. கோபத்தில் கலங்கிய கண். “என்ன வேணும் உனக்கு? சொல்லித் தொலை.”

“நான் அம்மான்னு சொன்னே இல்லையா? அம்மா கேக்கறேன். எனக்கு என்ன ஆபரேஷன்னு இவா எல்லார் முன்னாடியும் சொல்லு. கல்யாணத்துல நாலு வேளை பந்தி இருக்கு. நாலு வேளையும் என்னால கழிவறையில போய் நிக்க முடியாது.”

மன்னி விசாலம் மாமியைப் பார்த்தாள். மாமி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒரு சொல் விழுந்தால் சாயங்காலத்துக்குள் பாலவாக்கத்தில் முளைத்துவிடும். மன்னியின் முகத்தைப் பார்க்கச் சந்திரிகாவுக்கு ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“ஹெர்னியா இல்லை,” என்றாள் மன்னி. அந்த வீட்டு மருமகளாக வந்த நாளிலிருந்து சாப்பிடுகிற இடத்தில் அவள் சொல்லாத சொல் அந்த ‘இல்லை’. “உடம்பு இளைக்கறதுக்கு வயித்தைச் சின்னதா பண்ணிண்டிருக்கா. அவளால சாப்பிட முடியாது. போறுமா?”

“போறும்,” என்றாள் சந்திரிகா.

விசாலம் மாமி ஓஹோ என்றாள். மன்னி எழுந்து, தீர்த்தத்தை மறுபடி எடுத்து, திருப்தியா என்று கேட்டாள். சந்திரிகா ஆச்சு என்றாள். பெண்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

வெற்றிலைபாக்கு கொடுத்து முடிந்ததும் நமஸ்காரம். சாப்பிட்டவர்களை நிற்கவைத்து வீட்டார் விழுந்து கும்பிட வேண்டும். சுந்தரராமன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் விழுந்து எழுந்தான். வர்ஷினி விழுந்தபோது, எழுந்திருக்கும் சாக்கில் அத்தையின் சிவந்த கையை ஒரு கணம் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். கடைசியாக ஜெயலக்ஷ்மி வந்தாள். வயதில் மூத்தவள். மற்ற நாளாக இருந்தால் அவள் காலில் சந்திரிகாதான் விழ வேண்டும். இன்று ஜெயலக்ஷ்மி தரையில் நெற்றி பட விழுந்தாள். ஆசீர்வாதத்துக்குக் காத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் கிடந்தாள்.

சந்திரிகாவின் வெந்த வலது கையில் அட்சதை இருந்தது. மூடிய கை உடனே திறக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்க்கசுமங்கலியாக இரு என்று அவள் முறைப்படி சொன்னாள், மனசாரவும்தான் சொன்னாள். அரிசி மட்டும் மன்னியின் முதுகில் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.