எட்டாம் நம்பர் வலது கால்

திங்கட்கிழமை காலை, ஆறாம் நம்பர் பூட்ஸுக்குள் அவளுடைய வலது கால் நுழைய மறுத்தது. மறுக்காமல் என்ன செய்யும்? முந்தின நாள்தான் டாக்டர் கட்டை விரல் நகத்தை வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார். கட்டு நனையாமலிருக்க அவள் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டியிருந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து, கைக்குட்டையைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒரே அழுத்தாக அழுத்திப் பார்த்தாள். கண்ணில் பூச்சி பறந்தது. கால் பாதிவழியிலேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையெல்லாம் துவைத்து அனுப்பும் பெரிய சலவைக்கூடம் அது. அவளுக்கு ஈரப் பகுதியில் வேலை. துவைக்கும் மெஷினின் வாயைத் திறந்து, முறுக்கிக்கொண்டு கிடக்கும் ஈர விரிப்புகளை இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டு, கூடத்தின் மறுகோடியிலிருக்கும் உலர்த்தும் மெஷின்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வண்டி. ஆள் குள்ளம், தள்ளுவதோ தன்னைப்போல மூன்று மடங்கு பாரம். அதனால் அவளுக்கு எறும்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். வயதில் சின்னவர்களுக்கு எறும்பக்கா. தரையில் எந்நேரமும் சோப்புத் தண்ணீர் நிற்கும் என்பதால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பூட்ஸும் யாருக்கும் சொந்தமில்லை. எத்தனை பேரோ அத்தனை ஜோடி, நம்பர்வாரியாக அலமாரியில் நிற்கும். வருகிறவர்கள் அவரவர் அளவை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆறாம் நம்பரின் குறுகிய மூக்குத்தான் மாதக்கணக்கில் அழுத்தி அழுத்தி அவள் நகத்தைச் சதைக்குள் திருப்பிவிட்டது என்பது வேறு கதை.

"ரெண்டு வாரம் நனையக் கூடாது. மூடின செருப்பே போடக் கூடாதும்மா" என்று டாக்டர் சொன்னபோது, அவள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் புருஷன் ஆரம்பித்தான்.

"அதான் சொல்றாரே. லீவு போட்டுத் தொலையேன்."

"பதினொரு நாள்தாங்க இருக்கு."

அந்தக் கணக்கு அவனுக்கும் மனப்பாடம். ஒரு நாள்கூட லீவு போடாமல் ஆறு மாதம் வேலை பார்த்தால் நிரந்தரம். நடுவில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். முதல் தடவை நான்காவது மாதத்தில் காய்ச்சல். இரண்டாவது தடவை, இன்னும் பத்தொன்பது நாள் இருக்கும்போது அவள் அம்மா கண்ணை மூடினாள். செத்த அம்மாவைப் பார்த்து, இன்னும் இருபது நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். அந்த நினைப்புக்காக இன்றும் தன்னையே காறித் துப்பத் தோன்றும். மூன்றாவது தடவையும் விட்டால் தனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. புண் இருப்பதைச் சொல்லவும் வழியில்லை. ஆஸ்பத்திரித் துணி, புண்ணோடு யாரையும் தொட விடமாட்டார்கள்.

அலமாரியில் மேல்தட்டில் எட்டாம் நம்பர் ஒரே ஒரு ஜோடி இருந்தது. அதன் வலது காலை மட்டும் எடுத்தாள். கட்டோடு கால் உள்ளே போனது. உயிர் போய் உயிர் வந்தது என்றாலும், போனது. தனக்குப் பொருந்தாத ஆறாம் நம்பர் வலது காலை அந்த இடத்தில் வைத்துவிட்டு, யாரும் வருவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

எட்டாம் நம்பர் போடுகிறவனை எல்லோரும் ஏணி என்பார்கள். அவளைவிடப் பத்து வயது சின்னவன். அவளைப்போலவே நிரந்தரத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவன். வண்டியின் சக்கரம் தண்ணீர்க் குழியில் சிக்கினால் எங்கிருந்தாலும் ஓடிவந்து ஒரு உந்து கொடுத்துவிட்டுப் போகிறவன். அன்று மணி அடித்த பிறகு ஏணி ஒரு தினுசாக நடந்து வந்தான்.

"அக்கா, ஒரே ராத்திரில என் வலது காலு மட்டும் வளந்துருச்சுக்கா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கசந்தது.

மறுநாளும் அரை மணி முன்னதாக வந்தாள். அதற்கு மறுநாளும். வண்டி தள்ளும்போது உடம்பின் பாரமெல்லாம் கட்டை விரல்மேல்தான் இறங்கும் என்பது இத்தனை மாதத்தில் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குதிகாலால் தள்ளினாள், பக்கவாட்டில் தள்ளினாள், கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வீட்டில் புருஷன் கட்டைப் பிரிப்பான். சதையோடு ஒட்டியிருக்கும் துணியை உப்புத் தண்ணீர் விட்டு விட்டு உரிப்பான். கெட்ட வாடை ஒன்று வர ஆரம்பித்திருந்தது. அவன் எழுந்து ஜன்னலைத் திறந்துவைப்பான்.

ஏணி சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னான். "முன்னாடி வந்து எடுத்துக்க வேண்டியதுதானே. புதுசு அடுத்த மாசம்தான்" என்று பதில் வந்தது. அவனால் முன்னால் வர முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவன் மாமியார் வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

ஒன்பதாவது நாள் டீ இடைவேளையில் அவன் பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கட்டை விரல் நகம் கறுத்து, ஓரம் வீங்கிப் பளபளத்தது.

"என்னக்கா இது, இப்படி ஆயிருச்சு? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

அடுத்து என்ன ஆகும் என்று அவளுக்கு ஒவ்வொரு படியாகத் தெரியும். முதலில் சீழ் கட்டும். பிறகு போர்வை பட்டால்கூட அலறத் தோன்றும். பிறகு ஊசி, இடுக்கி. எல்லாம் தொண்டைவரை வந்தது.

"வெந்நீர்ல உப்புப் போட்டு வை" என்றாள். அவன் நன்றியோடு தலையாட்டினான். அன்று மாலைவரை அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, அலமாரிக்கு எதிர் பெஞ்சில் ஏணி உட்கார்ந்திருந்தான். மடியில் அவன் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எட்டாம் நம்பர் வலது கால். திரும்பி ஓடக் கால் இருந்தால்தானே?

அவன் பார்வை அவள் செருப்பில் நின்றது. பிளாஸ்டிக் பைக்குள் கட்டு பழுப்பும் சிவப்புமாக ஊறியிருந்தது.

"நீங்களாக்கா?"

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நேத்துக் கேட்டப்பகூட சொல்லலயே."

"சொன்னா என்னை வெளிய அனுப்பிருவாங்கப்பா."

"இன்னும் எத்தன நாளு?"

"ரெண்டு." குரல் அவளுடையதாகவே இல்லை. "உனக்கு?"

"ஆறு நாளு."

குழந்தை புரண்டது. அவன் அதை ஒரு கையால் தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையைப் பூட்ஸின் மேல் வைத்தான். கொடுக்கவா, எடுக்கவா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை போலிருந்தது. வாசல் பக்கம் குழந்தையை வாங்கிக்கொள்ள அவன் மாமியார் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அதற்குள் முதல் மணி அடித்தது. அவள் கை தானாக நீண்டு பூட்ஸின் வாயைப் பிடித்தது. அவன் கையும் அங்கேயே இருந்தது. இருவரும் இழுக்கவில்லை. இருவரும் விடவும் இல்லை.