ஒரு விரல் இடைவெளி

காலை பத்து மணிக்கு அவள் கணவனின் உடலுக்குச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை மறுபக்கம் நின்று தோளைத் தாங்கிப் பிடித்தாள்.

"இந்த நீலம் அத்தானுக்கு எடுப்பா இருக்கும்னு நான்தான் சொன்னேன், இல்லக்கா?"

அவள் தலையாட்டினாள். கழுத்துப் பொத்தானை மட்டும் போடாமல் விட்டாள்.

அண்ணனுக்கு அக்கா, தம்பிக்குத் தங்கை என்று இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மாமனார் கட்டிய நான்கு மாடி வீடு. மேல்மாடி அக்காவுக்கு, அதற்குக் கீழே தங்கைக்கு. நேற்று மாலை விருந்தில், கம்பெனியின் தலைமைப் பொறுப்பும் மூத்தவனுக்கே என்று மாமனார் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தங்கை தலைவலி என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் தங்கைதான் பேசினாள். அத்தான் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினார், டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, அவ்வளவு பிடிவாதம் என்றாள். பிறகு அக்காவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"இவளாவது கண்டிச்சு வெச்சிருக்கலாம். எதுக்குமே வாயைத் திறக்க மாட்டா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அதுவும் சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. தினமும் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவள் அவள். இன்று எழ முடியவில்லை. நீ தூங்கு என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

எத்தனை கார் வேண்டும் என்று கேட்க டிரைவர் வந்தார். பதில் கிடைத்த பிறகும் கதவருகிலேயே நின்றார். என்ன என்று கேட்டாள்.

"ஐயா கீழ ரொம்ப நேரம் மணி அடிச்சார்மா. லிஃப்ட் வரல. மச்சினிச்சிக்கு இன்னும் கோபம் தீரலன்னு சிரிச்சுக்கிட்டே படியேறினார். நாயை என்கிட்ட குடுத்துட்டு."

அது பழைய லிஃப்ட், மடக்கும் இரும்புக் கதவு. கதவு முழுக்கச் சாத்தவில்லையென்றால் நகராது. எந்த மாடியிலாவது யாராவது பொத்தானை அழுத்தினால், கதவைச் சாத்தச் சொல்லி உள்ளே மணி மட்டும் அடிக்கும். அண்ணனும் தம்பியும் சிறுவயதில் சண்டை வந்தால் கதவில் ஒரு விரல் இடைவெளி விட்டு லிஃப்டைத் தங்கள் மாடியில் நிறுத்திக்கொள்வார்களாம். மற்றவன் மூச்சு வாங்கப் படியேறி வர வேண்டும். மருமகள்கள் வந்த பிறகு அந்த விளையாட்டு அவர்களுக்குக் கைமாறியது. அரைமணி நேரக் கோபம், அவ்வளவுதான். யாரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசியதில்லை. அவள் கணவனுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு மாமனார் இரண்டு பேரையும் அழைத்து, இனி அது கூடாது என்றார். அவள் அன்றோடு நிறுத்திவிட்டாள்.

தங்கை உடை மாற்றக் கீழே போயிருந்தாள். அக்கா எழுந்தாள். யாரோ எங்கே என்று கேட்டார்கள். வந்துவிடுகிறேன் என்றாள்.

படிகளில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திருப்பத்தில் அவர் விழுந்துகிடந்த இடம் வந்தது. ஒதுங்கிப் போக இடமில்லை. அதன் மேல் மிதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது.

தங்கையின் மாடியில் லிஃப்ட் நின்றிருந்தது. இப்போது கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. எதிரிலேயே படுக்கையறை. அதன் கதவும் சாத்தியிருந்தது.

அவள் இரும்புக் கதவை ஒரு விரல் அளவுக்கு நகர்த்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

முதல் மணிக்கே படுக்கையறைக் கதவு திறந்தது. தங்கை கையில் சீப்புடன் நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொத்தானின் மேலிருந்த விரலைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கேக்குது," என்றாள் அக்கா.

மேலே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். தங்கை சீப்பில் சிக்கியிருந்த முடியை மெதுவாக எடுத்து விரலில் சுற்றினாள்.

"காலையில அடிச்சது நீன்னு நெனச்சேன்க்கா."