நான்காவது முகமூடி

வழியில் வாங்கிய அவித்த கடலையை வெர்னிஸ் இன்னும் பிரிக்கவே இல்லை. சொந்த ஊரான வேக்ராஸிலிருந்து மகளின் கல்லூரிக்கு இரண்டு மணி நேரம் காரோட்டி வரும்போது சாலையோரக் கடையைக் கண்டதும் பழக்கதோஷத்தில் நிறுத்தி வாங்கியது. இப்போது அதன் ஈரம் காகிதப் பையைத் தாண்டி அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையை நனைத்துக்கொண்டிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் நூலகத்துப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடக்கு நாற்காலிகள் எல்லாம் நிறைந்து புல்தரையிலும் கூட்டம் நின்றது. படிக்கட்டில் இன்னும் யாரும் வரவில்லை.

"சனிக்கிழமை மூணு மணி, நூலகப் படிக்கட்டு. தொப்பி போட்டுட்டு வாம்மா, வெயிலா இருக்கும். ஒண்ணும் கேக்காத." மகள் டெமெட்ரியா போனில் அனுப்பிய செய்தி அவ்வளவுதான். கேட்காமல் இருப்பது வெர்னிஸுக்குப் பிறவியிலேயே வராத காரியம். ஆபத்து அவசரம் என்று ஊரார் கூப்பிடும் எண்ணில் இருபது வருஷமாக உட்கார்ந்து கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவள். பதறுகிறவன் பாதி சொல்வதற்குள் மீதியை இவளே சொல்லி வண்டியை அனுப்பிவிடுவாள். அலுவலகத்தில் அதற்கு நல்ல பெயர்.

வீட்டிலும் அதே கைங்கரியம்தான். டெமெட்ரியாவுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே திக்குவாய். ஓட்டலில் அவளுக்கு வேண்டியதை வெர்னிஸ் சொல்வாள். கடையில், டாக்டரிடத்தில், பள்ளிக்கூடத்தில், எங்கும் அப்படியே. தேவாலயத்தில் யாராவது குனிந்து "உன் பேரென்ன கண்ணு?" என்று கேட்டால் அதற்கும் இவள்தான் பதில். சொந்தப் பெயர்தான் அந்தப் பெண்ணுக்கு ஆகக் கடினம், முதல் எழுத்திலேயே வண்டி சேற்றில் இறங்கிவிடும். பெற்ற மகளுக்கு இத்தனை வருஷம் நாக்காக இருந்தோம் என்பதில் வெர்னிஸுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

அந்த மகள் போய்ச் சேர்ந்த இடம்தான் வெர்னிஸின் தூக்கத்தைக் கெடுத்தது. கல்லூரிப் பெண்களின் சொராரிட்டி. உடன் பிறக்காதவர்கள் உடன்பிறப்பாகிற சங்கம், சேர்ந்தால் ஆயுசுக்கும் சேர்ந்ததுதான். வெர்னிஸின் தேவாலயத்தில் அந்தச் சங்கத்துப் பெண்மணிகள் வருஷத்துக்கு ஒருநாள் நாவல்பழ நிறமும் வெள்ளியும் உடுத்தி ஒரே வரிசையில் உட்காருவார்கள். தலைமையாசிரியை, வக்கீல், கறுப்பர் பேட்டையின் முதல் பெண் மருத்துவர். கல்லூரி வாசலை மிதிக்காத வெர்னிஸ் பின்பெஞ்சிலிருந்து அவர்கள் நிமிர்ந்து நிற்கிற அழகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறாள். ஆனால் அவர்கள் எல்லாரும் வாயால் பிழைக்கிறவர்கள். என் பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்?

போதாததற்கு, பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் ஒடெட் வேறு எண்ணெய் ஊற்றினாள். அவளுடைய மகன் ஏதோ ஆண்கள் சங்கத்தில் சேர்ந்து பாதியில் ஓடிவந்தவன். "ரகசியம்னு ஒண்ணு இருந்தா அதுக்குப் பின்னால ஒரு பிரம்பும் இருக்கும் வெர்னிஸ். ராத்திரி பகலா நிக்க வைப்பாங்க. போன் எடுக்க மாட்டா. கேட்டா படிக்கிறேம்பா. நல்லாக் கேட்டு வச்சுக்க."

மகளும் சொல்லிவைத்த மாதிரி போன் எடுக்கவில்லை. ஒருநாள் எடுத்தாள். வெர்னிஸ் தன் வேலைக் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"யாராவது அடிச்சாங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு."

"இல்லம்மா."

"தூங்குறியா?"

"ம்."

"மார்க் இறங்கிடுச்சா?"

"இல்ல."

"வேண்டாம்னா வெளிய வந்துடலாம்ல?"

"ஆமா."

அப்புறம் மகளே ஏதோ சொல்ல முயன்றாள். "எ… எனக்கு இங்க… பி… பி…"

"பிடிக்கலையா? இப்பவே கிளம்பி வரேன்."

"பிடிச்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள்.

இன்று அவர்கள் வெளிப்படும் நாள். வாரக்கணக்கில் ஒளிந்து பயின்ற புதுப் பெண்கள் முகமூடியோடு வந்து ஆடிப் பாடி, பிறகு ஒவ்வொருத்தியாக முகம் காட்டித் தன் பெயரையும் ஊரையும் சங்கத்தின் சரித்திரத்தையும் ஊரறியச் சொல்ல வேண்டும். அதுவரை சேர்ந்தது யார் என்று பெற்றவளுக்கும் தெரியக் கூடாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும். ஊரறிய, தனியாக, பெயரை.

கூட்டம் ஓவென்று இரைந்தது. நூலகக் கதவு திறந்து ஒன்பது பெண்கள் ஒருத்தி முதுகோடு ஒருத்தி ஒட்டினாற்போல இறங்கி வந்தார்கள். குள்ளமானவள் முதலில், நெட்டையானவள் கடைசியில். எல்லாருக்கும் ஒரே நாவல்பழ நிற அங்கி, கையுறை, முகம் முழுக்க வெள்ளி முகமூடி. படியில் கால் விழுந்த ஒலியில் வெர்னிஸின் நாற்காலியே அதிர்ந்தது.

நடுவில் இருக்கிற மூன்று பேரும் டெமெட்ரியாவின் உயரம். நான்காவதாக நின்றவளை வெர்னிஸ் பார்த்த மாத்திரத்தில் இவள் இல்லை என்று தள்ளிவிட்டாள். அவள்தான் குரல் கொடுக்கிறவள். அவள் பாட்டில் ஒரு அடி எடுத்துவிட, மற்ற எட்டுப் பேரும் காலால் உதைத்துக் கையால் தட்டி வாங்கிப் பாடினார்கள். கரகரத்த, முரட்டுக் குரல். தொண்டையா அது, ரயில் ஊதல். இவளைப் பெற்றவள் இந்நேரம் செவிடாகியிருப்பாள் என்று வெர்னிஸ் நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது பெண்ணிடம் கண் நின்றது. அவளுடைய கால் எல்லாருக்கும் ஒரு இமைப்பொழுது பின்தங்கி விழுந்தது. தலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. என் தங்கம், அவள்தான். வெர்னிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. பயத்தோடு பயமாக எப்படியோ இதுவரை வந்துவிட்டாளே. கடலைப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். "அப்படித்தான் கண்ணு! விடாத! அம்மா இங்கதான் இருக்கேன்!"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அவளை ஒருமாதிரியாகப் பார்த்தார். வெளுத்த கோட்டும் பளபளக்கும் செருப்புமாக வந்திருந்த பெரிய உருவம், கையில் படம் பிடிக்கும் போன். அவள் நிறுத்துவதாக இல்லை என்று தெரிந்ததும் மெல்லக் குனிந்தார்.

"சிஸ்டர், யாருக்குக் கை தட்டுறீங்க?"

"அந்த அஞ்சாவது. என் பொண்ணு."

"அது என் பொண்ணு சிஸ்டர். ஷாரிஸ். ஆட்டத்துல அவங்க அம்மா மாதிரி, கால் எப்பவும் லேட்டாத்தான் வரும்."

"இல்ல பிரதர், உங்களுக்குத் தப்பா…"

"இடது கால் செருப்புக்கு நான்தான் காலையில ஒட்டுப் போட்டேன். பாருங்க."

பார்த்தாள். ஒட்டு இருந்தது. வெர்னிஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "அப்ப என் பொண்ணு எங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் ஆட்டம் நின்றது. முதல் மூவரும் வரிசையாக முகம் காட்டிப் பேசி முடித்தார்கள். நான்காவது பெண் ஒரு படி இறங்கி முன்னால் வந்தாள். ரயில் ஊதல்காரி. கையுறை விரல்கள் முகமூடியின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கின.

வியர்வையில் பளபளத்தது டெமெட்ரியாவின் முகம்.

வெர்னிஸ் தொப்பென்று உட்கார்ந்தாள். இருபது பேர் இரைச்சலில் ஒரு முனகலைப் பிரித்துச் சொல்லக்கூடிய காது, பெற்ற பெண்ணின் குரலைக் கண்டுபிடிக்கவில்லை. எங்கே தேடினாள்? தடுமாறுகிற காலிலும் தாழ்ந்த தலையிலும் அல்லவா தேடினாள். அந்த வெட்கம் நெஞ்சைச் சுட்டது. சுட்ட இடத்திலேயே, எட்டுப் பேரை நடத்தி வந்தது என் வயிற்றில் பிறந்தது என்கிற கர்வமும் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டெமெட்ரியா நிமிர்ந்து நின்றாள். திக்காமல் பாட வைத்த தாளம் இல்லை, கூடப் பாட ஆள் இல்லை. வாயைத் திறந்தாள்.

"நா… நான்… டெ…"

நின்றது. தாடை இறுகியது. "டெ… டெ…" கூட்டம் அடங்கிவிட்டது. பின்னால் எங்கோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டான். பின்வரிசை எட்டுப் பேரில் ஒருத்தியும் அசையவில்லை. அவளுக்காகச் சொல்ல ஒருத்தியும் முன்வரவில்லை.

வெர்னிஸின் வாய் தானாகத் திறந்தது. பெயர் நுனி நாக்கில் இருந்தது. படிக்கட்டிலிருந்து டெமெட்ரியாவின் கண் நேராக அந்த வாயின் மேல் வந்து விழுந்தது. கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. என்ன செய்யப் போகிறாய் என்று பார்த்த மாதிரி இருந்தது.

"மெதுவாச் சொல்லும்மா" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், தேவாலயத்துக் குரலில். "நேரம் எடுத்துக்க."

"நேரம் எடுத்துக்க கண்ணு" என்று புல்தரையிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. அடுத்து வேறொரு குரல். ஞாயிறுதோறும் பிரசங்கியாருக்குத் தொண்டை அடைத்தால் சபையிலிருந்து எழும் சொல் அது. வெர்னிஸே எத்தனையோ முறை எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள், முன்பின் தெரியாத பாடகனுக்குக்கூட. மகளுக்கு ஒரு தடவையும் சொன்னதில்லை.

"நேரம் எடுத்துக்க" என்றாள். குரல் உடைந்து பாதிதான் வந்தது. மகளுக்குக் கேட்டிருக்க வேண்டும், தோள் இறங்கியது.

"டெ… டெமெட்ரியா ரூத் டாலிவர்."

பின்னால் எட்டு ஜோடிக் கால்களும் ஒரே சமயத்தில் கல்லை உதைத்தன. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார். "என் பொண்ணுக்கு நீங்க கத்தினீங்கல்ல சிஸ்டர், கணக்கு சரியாப் போச்சு" என்று மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார்.

டெமெட்ரியா அடுத்ததற்கு வந்தாள். "ஊர்… வே…"

மறுபடி நின்றது. இன்னும் ஊர் இருக்கிறது, சங்கத்தின் பிறப்பு இருக்கிறது, அதைத் தொடங்கியவர்களின் பெயர்கள் இருக்கின்றன, அத்தனையும் இவள் வாயாலேயே வர வேண்டும். வெர்னிஸ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள். மடியிலிருந்த பையைப் பிரித்து ஒரு கடலையை எடுத்து நசுக்கினாள். ஓட்டிலிருந்து உப்புத் தண்ணீர் விரலில் வழிந்தது. பையைப் பக்கத்து நாற்காலிக்கு நீட்டினாள், அவர் ஒரு பிடி அள்ளிக்கொண்டார்.

படிக்கட்டில் மகள் "வே… வே…" என்று நின்றிருந்தாள். வெர்னிஸ் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு அடுத்த கடலையை உரித்தாள்.