வால்பாறை பஸ் வரும்வரை

சென்னியம்மாள் குற்றவாளி என்று நீதிபதி சொல்லி முடித்தபோது மணி பதினொன்று. கூண்டில் நின்றவள் அவரைப் பார்க்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வால்பாறை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். புருஷன் விட்டுப்போன பிறகு, கோவை உக்கடத்தில் ஒரு கடைக்குக் கஞ்சாப் பொட்டலங்களைத் துணிப்பையில் மறைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வருஷம் நடந்தது, அப்புறம் பிடிபட்டாள். பையில் இருந்தது என்னவென்று தெரியாது என்று சொல்லச் சொன்னார் வக்கீல். "தெரியுமுங்க" என்றுதான் அவளுக்கு வாயில் வந்தது.

பதினான்கு மாதமாகக் கோவை ஜெயிலில் இருந்தாள். மகள் இளவேனிலை அங்கே கூட்டிவரவே கூடாது என்று தங்கை பாவாத்தாளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பிள்ளை கம்பியைப் பார்க்க வேண்டாம். ஆனால் தண்டனை விழுந்தால் வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து தூக்கம் போயிற்று. மூன்று வயதில் விட்டுவந்த பிள்ளை. சோறு ஊட்டும்போது அம்மாவின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் சாப்பிடும். ஜெயிலில் தட்டை வாங்கி உட்கார்ந்தால் சென்னியம்மாளின் கை தானாகக் காதுக்குப் போகும். கடைசியில் வக்கீலிடம் சொல்லித் தங்கைக்கு ஒரு கார்டு போடச் சொன்னாள்: தீர்ப்பன்றைக்குப் பிள்ளையோடு வா.

"தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்க சாமி. வால்பாறை பஸ்ஸு இன்னும் வரலீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "பஸ்ஸில் யார்?"

"எம்புள்ளைங்க. தண்டனை சொன்னவொடனே வேன்ல ஏத்திப்போடுவாங்க. ஒருக்கா பாத்துக்கறனுங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

பாவாத்தாள் ஓடிவந்தபோது மணி இரண்டரை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டதாம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த இளவேனில், சித்தியின் தோளில் துவண்டு தூங்கினாள். கால்கள் நீண்டிருந்தன. ரெட்டைச் சடை வேறு.

"எழுப்பட்டுங்களாக்கா?"

"வேண்டாம். இப்பிடிக் குடு."

காவலுக்கு வந்த பெண் போலீஸ் தடுக்கவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சென்னியம்மாள் மகளை மடியில் போட்டுக்கொண்டாள். இவ்வளவு கனமா! பிள்ளை தூக்கத்தில் "அம்மா" என்று முனகியது. அவள் பதறிக் குனிந்தாள்.

"இப்ப என்னையத்தானுங்கக்கா அப்பிடிக் கூப்புடறா" என்றாள் பாவாத்தாள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

"நல்லதாப் போச்சு, கண்ணு. யாரையாச்சும் கூப்புடணுமல்ல." சொல்லிவிட்டாள். பிள்ளையின் சடையை எடுத்து முன்னால் போட்டாள்.

மூன்று மணிக்கு நான்கு வருஷம் என்று தீர்ப்பானது. உள்ளே இருந்த பதினான்கு மாதம் அதில் கழியும். "நீ கொண்டுவந்தது போய்ச் சேர்ந்த வீடுகளிலும் பிள்ளைகள் உண்டு" என்றார் நீதிபதி.

"உண்டுங்க சாமி" என்று அவள் தலையாட்டினாள்.

வேன் கிளம்புகிற சத்தத்தில் இளவேனில் விழித்துக்கொண்டாள். யாரோ வேற்றூர்க்காரியைப் பார்ப்பதுபோல் கம்பிக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தாள். பாவாத்தாள் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிக்காட்டினாள். முழித்த கண்ணோடு இருந்த பிள்ளையை ஒருதரம் பார்த்தாயிற்று. வேன் திரும்பி அவர்கள் மறைந்த பிறகும் சென்னியம்மாள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள்.