முக்கோணக் கம்பி வாசித்த மச்சான்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ராஜேந்திரன் வீட்டு மாடியறையில் எழுபது பேர் வாத்தியங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் காபி தர வேண்டியதில்லை. மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை. ஏனென்றால் எல்லாரும் கம்ப்யூட்டருக்குள் இருந்தார்கள். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே கீபோர்டு வாங்கிய ராஜேந்திரன், ஒற்றை விரலால் வயலின்களை அழவைப்பார், கொம்புகளை உறுமவைப்பார். 'மலைமேல் மழை' என்ற தன் இசையை முழுதாக ஓடவிட்ட அன்று அண்ணாமலையே ஒருமுறை திரும்பிப் பார்த்ததாக இன்றும் சாதிக்கிறார்.

வெள்ளிக்கிழமை இணையத்தில் வெளியீடு; அன்று கஸ்தூரியின் பிறந்த வீட்டாரும் வந்து கூட இருப்பதாக ஏற்பாடு. வினை வந்தது அட்டைப்படத்தில். 'வாசித்தவர்கள்' என்ற இடம் காலியாக, பெயர் போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரி மொட்டையாகக் கிடந்தது. பொறுக்குமா அவருக்கு? சொந்தக்காரர்களை வரிசையாகப் போட்டுவிட்டார். முதல் வயலின், மனைவி கஸ்தூரி. இரண்டாம் வயலின், கஸ்தூரியின் அண்ணி தனம். புல்லாங்குழல், மகள் ரேவதி. கடைசியில் மிஞ்சிய முக்கோணக் கம்பியைத் தனத்தின் கணவர், கஸ்தூரியின் ஒரே அண்ணன் சுப்பிரமணிக்குக் கொடுத்தார். குடும்ப வாட்ஸப்பில் படம் போன சூட்டோடு கீழ்பென்னாத்தூரிலிருந்து சுப்பிரமணியின் போன்.

"மாப்ள, முக்கோணம்னா இன்னா?"

"அது ஒரு கம்பி மச்சான். தட்டினா டிங்னு கேக்கும்."

"பாட்டு முழுக்கத் தட்டுவனா?"

வாய்க்கு வாய் பொய் சொல்லும் ராஜேந்திரன் அந்த நேரம் பார்த்து உண்மையைச் சொல்லித் தொலைத்தார். "எப்பவாச்சும்..."

"என் பொண்டாட்டி வயலினு, நான் ஐஸ் வண்டி மணியா? ஊரு சனம் இன்னா பேசும்? நான் வரல, வுடு."

கஸ்தூரி அதற்குள் பையில் புடவையை அடுக்கிக்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் இல்லாத எடத்துல எனக்கு இன்னா வேல? உங்க எழுபது பேரும் இருக்காங்களே, சமைச்சுப் போடட்டும்."

கஸ்தூரி தலையாட்டாமல் ஒரு ஸ்வரம்கூட அந்த இசைக்குள் நுழைந்ததில்லை. அவள் இல்லாமல் வெளியிடுவதா? ராஜேந்திரன் உடனே போனை எடுத்தார்.

"மச்சான், உங்களுக்குப் பெரிய முரசு."

"எவ்ளோ பெருசு?"

"உங்க கெணத்து வாய் அளவு."

"ஜாஸ்தியா அடிக்கணும்."

வெள்ளிக்கிழமை சலவை வேட்டியும் வேர்க்கடலை மூட்டையுமாகச் சுப்பிரமணி வந்திறங்கினார். கூடவே பட்டுப்புடவையில் தனம். ராஜேந்திரன் இசையை ஓடவிட்டார். முதல் நொடியிலிருந்து கடைசி வரைக்கும் முரசுதான். பக்கத்து வீட்டுக் குக்கர் பயந்துபோய் விசிலடித்தது. வேலூர் ரோட்டில் போன பஸ்ஸை டிரைவர் ஓரங்கட்டி, டயர் வெடித்ததா என்று குனிந்து பார்த்தாராம். சுப்பிரமணி மீசையைத் தடவிக்கொண்டார்.

"என்னுது எப்பண்ணா வரும்?" என்று ராஜேந்திரனிடம் கேட்டாள் தனம்.

"வந்துட்டுப் போயிடுச்சும்மா."

தனம் மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள். "பஸ்ஸுல பக்கத்துல குந்துனவகிட்டகூட நான் வயலினுன்னு சொல்லி வெச்சிருக்கேன். உங்க டமடமாவுல அது யாருக்குக் கேக்கும்? வூட்லதான் என்னைப் பேசவுடறதில்ல. இங்கயுமா?"

சுப்பிரமணி கடலை மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தார்.

"மாப்ள, என்னுதக் கம்மி பண்றது எது?"

ராஜேந்திரன் காட்டினார். மவுஸை வாங்கிக்கொண்டு சுப்பிரமணியே முரசை இறக்கினார். கொஞ்சம் இறக்குவார், தனத்தின் முகத்தைப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் இறக்குவார். முரசு எங்கோ தூரத்து இடியாக ஒதுங்க, வயலின்கள் மேலே எழுந்து அறையை நிறைத்தன. சுப்பிரமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"தனம், இது நீயா?"

"பின்ன யாரு?"

"நல்லாத்தான் வாசிக்கிற."

சமையலறையிலிருந்து கரண்டியோடு மாடியேறி வந்து எட்டிப் பார்த்தாள் கஸ்தூரி. "அண்ணி, முதல் வயலினு நான். இப்ப கேட்டுச்சே, அது உங்களுதா, என்னுதா..."

அவள் கேட்டு முடிப்பதற்குள் ராஜேந்திரன் வெளியீட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டார்.