நான்கு விநாடி

...கேட்டிருக்கும், கேட்காமல் இருக்காது, மூன்று கிலோமீட்டர் தண்ணீர் ஒரு சத்தத்துக்குப் பெரிய தூரமா என்ன, காற்றில் போவதைவிட நாலு மடங்கு வேகமாக ஓடும், போக இரண்டு விநாடி, வர இரண்டு விநாடி, அவ்வளவுதான், பிறகு ஏன் வாயே திறக்கவில்லை... படகின் ஓரத்தில் தொங்கவிட்ட கருவி காலை எட்டு மணியிலிருந்து கீச் கீச் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, எனக்கே காது புளித்துவிட்டது, அடியில் கிடக்கும் பெட்டியோ கல் மாதிரி. ரேடியோ அலை தண்ணீருக்குள் கொஞ்சம் இறங்கியதுமே செத்துவிடும், கம்பியும் கிடையாது, எங்களுக்கும் அதற்கும் நடுவில் சத்தம் ஒன்றுதான். நான் கூப்பிட்டு, அது பதில் சொல்லி, அதற்கப்புறம் "விடு" என்று கட்டளை போட்டால் கொக்கியைத் திருப்பி எடையைக் கழற்றிவிட்டு மிதந்து மேலே வரும். பதிலே இல்லாவிட்டால்? இந்த ஆராய்ச்சியை நடத்தும் மேடம் பதினாலு மாதமாகக் கடலடி நடுக்கத்தையெல்லாம் அதற்குள் சேர்த்துவைத்திருக்கிறார், அது மொத்தமும் போச்சு. அவர் என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறார், திட்டினாலாவது தேவலை... அதைப் பூட்டி இறக்கியவன் நான், பட்டம் கிட்டம் எதுவும் இல்லாதவன், ரிப்பேர் கடையில் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன், ஏதோ ஒரு மூடியைச் சரியாக முறுக்காமல் விட்டேனோ, தண்ணீர் புகுந்துவிட்டதோ, இல்லை, முறுக்கினேன், கை வலித்தது ஞாபகம் இருக்கிறது.

"என்னப்பா, இன்னும் போன எடுக்கலையா உன் ஆளு?" என்று கேப்டன் மேலிருந்து குரல் கொடுத்தார். "எடுக்காது கேப்டன், இவரு கூப்புடுற மாதிரி கூப்ட்டா நானே எடுக்க மாட்டேன்" என்றார் சமையல்காரர். சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன், மேடம் சிரிக்கவில்லை. "பத்து மணி ஆச்சு, காத்து மாறுது, கெளம்பணும். எத்தன தடவதான்பா கூப்பிடுவ?" ஆயிரத்து எண்ணூறு தடவை, திரையில் எண் ஓடுகிறது. "அஞ்சே நிமிஷம் கேப்டன்" என்று கெஞ்சுவதற்காகத் திரும்பியபோது, கருவி காதுக்குள் கத்திக்கொண்டிருந்தால் எப்படிப் பேசுவது, நிறுத்து பொத்தானை அழுத்தினேன். அமைதி. அலை படகில் மோதுவது அப்போதுதான் கேட்டது. "அஞ்சு நிமி—" என்று நான் ஆரம்பிக்க, ஹெட்போனில் சின்னதாக, ரொம்பத் தூரத்தில், கீச்.

என்னுடையது இல்லை. நான்தான் நிறுத்திவிட்டேனே... மறுபடி ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, கீச். அட பாவி! சோதனைத் தொட்டியில் வைத்து ஓட்டியபோது நாலு விநாடிக்கு ஒருமுறை கூப்பிடும்படி வைத்தேன், அதை மாற்றவே இல்லை, தொட்டியின் ஆழம் மூன்று மீட்டர், இங்கே மூன்று கிலோமீட்டர்! பதில் மேலே வந்து சேரும்போதெல்லாம் நான் அடுத்ததைக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், கத்தும்போது இந்தக் கருவிக்குக் காது மூடிக்கொள்ளும், எதிரொலி அடங்கினால்தான் திறக்கும்... "ரெண்டு மணி நேரமா அது பேசிட்டேதான் இருந்துச்சா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார். "ஆமா மேடம்... நான்தான் கேக்க விடல." இதையே ஒருத்தி என்னிடம் போனில் சொன்னாள், என் மனைவி, போன மாதமா அதற்கும் முன்னாலா, "கேள்வி கேக்குறீங்க, நான் வாயத் தெறக்குறதுக்குள்ள அடுத்தது கேக்குறீங்க, எனக்கு எங்க எடம்?" லைன் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன், லைன் நன்றாகத்தான் இருந்தது.

"பேட்டரி?" என்றார் மேடம். அதுதான் விஷயம், ஒவ்வொரு பதிலும் பேட்டரியைத் தின்னும், ஆயிரத்து எண்ணூறு பதில் சொல்ல வைத்திருக்கிறேன், கொக்கி திரும்பத் தெம்பு மிச்சம் இருக்குமா... பெட்டியையே கேட்டேன். நான்கு விநாடி. ஆறு சதவீதம். "போடட்டுமா மேடம்?" "போடுங்க." கட்டளையை அனுப்பினேன், விரல் மறுபடி பொத்தானுக்குப் போகிறது, சனியன் பிடித்த விரல், இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். மூன்று, நான்கு, ஐந்து... ஆறு... கீச். கொக்கி திரும்பிவிட்டது. சமையல்காரர்தான் முதலில் கத்தினார், மேடம் என் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேலே வர முக்கால் மணி நேரமாவது ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறேன், நான்கை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றரையிலேயே சொல்லிவிடுகிறது, அடுத்த தடவை மூன்றுக்குக் கொஞ்சம் மேலே... கிட்டே வர வர நான் காத்திருக்க வேண்டிய நேரமும் மாறிக்கொண்டே வருகிறது, ஒவ்வொரு தடவையும் புதிதாக எண்ண வேண்டும். இதுவாவது எத்தனை மீட்டர் என்று தானே சொல்லிவிடுகிறது, என் மனைவி மாதிரிச் சொல்லாதவர்களுக்கு எத்தனை விநாடி விடுவது...